மறு: செமி-அப்ஸ்ட்ராக்டுக்கு 'அரை அரூபம்' வேண்டாமே

> 'அரை அரூப ஓவியம்' போதாதா? மலாயிலும் 'செபாரா அப்ஸ்ட்ராக்' என்றுதானே எழுதுகிறார்கள்?

அண்ணே, வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் தோழியின் செமி-அப்ஸ்ட்ராக்ட் ஓவியக் கண்காட்சிக்கு, அதாவது உருவம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஓவியங்களுக்கு, விளக்க அட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நீங்கள் சொன்ன சொல்லைத்தான் முதலில் போட்டேன். "அரை வேக்காடு மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டாள்.

அவள் செய்வதில் பாதிக் கணக்கு எதுவும் இல்லை. அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) பூ கட்டும் அம்மாவைக் கரிக்கோலால் முழுசாக வரைவாள். மேலே வண்ணம் அப்பி, கத்தியால் சுரண்டுவாள். கடைசியில் மிஞ்சுவது முழங்கை வளைவும் சரம் தொங்கும் கோடும்தான். ஆனாலும் அம்மா அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க ஓவியர் டி கூனிங் 1950 முதல் 1952 வரை போராடி வரைந்த 'பெண் 1' ஓவியத்தில் பெண் எங்கே முடிகிறாள், தூரிகை வீச்சு எங்கே தொடங்குகிறது? நம் மலேசிய ஓவியர் லத்தீஃப் மொஹிடினின் 1960களின் 'பாகோ-பாகோ' ஓவியங்களும் அப்படித்தான்; கோபுரமா, முளைக்கும் செடியா என்று பிரிக்க முடியாது.

என் பரிந்துரை: அருவுரு ஓவியம். சைவ சித்தாந்தத்தில் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று உண்டு. லிங்கம் மூன்றாவது வகை. முகமோ கைகாலோ இல்லை, ஆனால் வெறுமையும் இல்லை. இரண்டும் ஒரே பொருளில் முழுதாக இருப்பதைச் சொல்ல நம்மிடம் முன்பே சொல் இருக்கும்போது 'அரை' எதற்கு?

மதச் சாயல் வருமே என்று நேற்று ஒரு நண்பர் கேட்டது நியாயம்தான். 'அருவுருவம்' என்று முழுதாக எழுதினால் கோயில் வாசனை கொஞ்சம் வரும். 'அருவுரு' என்று சுருக்கினால் அவ்வளவாக இல்லை என்பது என் காது சொல்வது.

சரி, சிக்கல் இப்போது செய்முறைக்குப் பெயர் வைப்பதில். உருவத்தை வரைந்து கரைக்கும் முறைக்கு 'உருக்கரைப்பு' என்று எழுதினேன். அச்சக நண்பர் அதை உருக்கு + அரைப்பு என்று படித்து, இரும்புப் பட்டறை விளம்பரமா என்று கேட்கிறார்! 'உருக்கலைப்பு' என்று மாற்றினால் கருக்கலைப்பு காதில் விழுகிறது. இப்போதைக்கு 'உருவக் கரைப்பு' என்று இடம்விட்டு எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.