அணுமின் நிலையம் கட்டலாமா? வேலை தெரிந்தவர்கள் சொல்வது

கோலாலம்பூர், மின்கட்டமைப்பு:
அரசின் ஐந்தாண்டுத் திட்டமான 13-வது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி மறுபடி இடம்பிடித்ததிலிருந்து பேச்செல்லாம் உலையைச் சுற்றியே போகிறது. கட்டுப்பாட்டு அறையில் முதல் கேள்வி வேறு: மின்சாரம் தரும் ஒரு யூனிட் திடீரென்று நின்றுவிட்டால்? தீபகற்பத்தில் ஆகப் பெரியவை மஞ்சோங், தஞ்சோங் பின் போன்ற நிலக்கரி யூனிட்டுகள், ஏறக்குறைய 1,000 மெகாவாட். ஒன்று நின்றதும் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கத் தொடங்கும். மற்ற யூனிட்டுகள் அந்த அளவுக்குக் கையிருப்போடு ஓடிக்கொண்டிருந்தால்தான் தாங்கும். அபுதாபியின் பராக்கா அணுமின் நிலையத்தில் உள்ளது போல 1,400 மெகாவாட் யூனிட் வந்தால் கையிருப்பையும் 400 மெகாவாட் கூட்டவேண்டும். அந்தச் செலவு உலையின் விலைப்பட்டியலில் வராது.

1996 ஆகஸ்ட் 3-இல் திரெங்கானுவின் பாக்கா பக்கம் மின்கடத்தும் லைன் துண்டிக்கப்பட்டு தீபகற்பமே இருண்டது. அப்படி ஒரு நாளில் நிலக்கரி நிலையம் நெருப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அணுஉலைக்கு அது முடியாது.

பினாங்கு, கொதிகலன் பராமரிப்பு:
அண்ணன் சொன்னது சரி. 1,000 மெகாவாட் மின்சாரத்துக்கு உலை தருவது 3,000 மெகாவாட் வெப்பம். உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கிய நொடியிலும் அதில் 6 முதல் 7 விழுக்காடு, அதாவது 200 மெகாவாட் மிஞ்சும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவு வந்துகொண்டிருக்கும். அதை ஆற்றக் குளிர்நீர் பம்ப் ஓடியே ஆகவேண்டும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தின்போது உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. கீழ்த்தளத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களும் சுவிட்ச்போர்டுகளும் சுனாமி அலையில் மூழ்கியதே வினை. 2004 சுனாமி நம் பினாங்குக் கரையையும் அடித்தது. வரைபடம் வந்தால் முதலில் டீசல் அறை எந்த உயரத்தில் என்று பாருங்கள்.

பட்டர்வொர்த், கடல்நீர்க் குளிரூட்டல்:
அந்த 3,000-இல் மின்சாரமாகாத மிச்சம் 2,000 மெகாவாட் வெப்பம் கடலுக்குப் போகும். நீரை 10 டிகிரி மட்டும் சூடேற்றினால்கூட விநாடிக்கு 50 கனமீட்டர் இறைக்கவேண்டும். மலாக்கா நீரிணை ஆழமில்லாத சேற்றுக்கடல். நீளமான கால்வாயும் ஓயாத தூர்வாரலும் தேவை. ஜெல்லிமீன் கூட்டமாக வந்தால் நீர் உள்ளே வரும் இடத்துச் சுழல் சல்லடையின் இரு பக்கமும் நீர்மட்டம் வேறுபடும், கழுவும் பீச்சு போதாமல் போகும், பம்ப் தானாகவே நின்றுவிடும். பிரான்சின் கிராவ்லின் அணுமின் நிலையத்தில் 2025 ஆகஸ்டில் நான்கு உலைகள் இப்படித்தான் நின்றன. சிப்பி ஒட்டாமலிருக்கக் குளோரின் போட்டே ஆகவேண்டும். வெளியேறும் நீரில் அதன் அளவை மீனவர்கள் கேட்டு வாங்கவேண்டும்.

கோலாலம்பூர், கதிரியக்கப் பாதுகாப்பு:
பாங்கியில் 1982 முதல் ஓடும் ஆராய்ச்சி உலை 1 மெகாவாட்தான்; திறந்த குளம், டர்பைன் கிடையாது. 150 வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் அணுமின் உலைக்கு அந்தப் பயிற்சி மட்டும் பற்றாது. ஆட்களைத் தயாரிக்கவே பத்தாண்டு பிடிக்கும். அதை இன்றே தொடங்கலாம், உலை வாங்குவதை அப்புறம் தீர்மானிக்கலாம்.

கழிவு விஷயத்தில் பேராக்கின் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலையின் கதிரியக்கத் தோரியம் கழிவால் பட்ட பாடு போதும். ஓர் உலை ஆண்டுக்கு ஏறக்குறைய 20 டன் எரிந்த எரிபொருள் தரும். பொதுவாக ஐந்தாண்டாவது குளத்தில் ஆறவேண்டும். விற்பவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற ஷரத்தை ஆரம்பத்திலேயே எழுதி வாங்கவேண்டும். தன் ரூப்பூர் அணுமின் நிலையத்துக்கு வங்கதேசம் 2017-இல் ரஷ்யாவிடம் அதை வாங்கியிருக்கிறது.