சென்னையில் நாளும் நேரமும் தெரிந்து போனால்தான் கிடைக்கும் காட்சிகள்: நீங்கள் பார்த்தது என்ன?

மந்தைவெளி வாசகி

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மெரினா, மகாபலிபுரம், தி.நகரில் ஒரு புடவைக் கடை. "வெயில்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். இந்த ஊரில் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த மாதம், எத்தனை மணி என்பதும் தெரிய வேண்டும். அப்படி நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர். எல்லாரும் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். காலையிலேயே வந்துவிடுங்கள். பூம்பாவைக்கு உயிர் வரும் நிகழ்ச்சி அப்போதுதான். பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன்னால் நின்று சம்பந்தர் பதிகம் பாடினார் என்பது கதை. ஓதுவார் அதைப் பாடும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று செத்துப்போன பெண்ணிடம் கேட்கிறார். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொன்றும் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்றுதான் முடியும். 7ஆம் நூற்றாண்டின் ஊர்சுற்றிக் கையேடு என்று நான் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள். பக்கத்தில் நின்ற பூக்கார அம்மாவுக்குப் பதிகம் மனப்பாடம். ஓதுவார் வாய் திறக்குமுன் "அடுத்தது விளக்கீடு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சூளைக்காரன்

அக்கா, மயிலாப்பூரை விட்டுக் கொஞ்சம் வடக்கேயும் வாங்க. புரட்டாசியில திருப்பதிக் குடை பார்த்திருக்கீங்களா? பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயில்ல இருந்து 11 குடை கிளம்பும். திருமலையில கருட சேவைக்குள்ள போய்ச் சேரணும்னு கணக்கு. தங்கசாலை வரைக்கும் நிதானமா, நின்னு நின்னு வரும். மாடியிலிருந்து பூப் போடுவாங்க, சேட்டுக் கடை வாசல்ல தண்ணி, மோர் எல்லாம் தருவாங்க.

யானைகவுனி வந்ததும் கதையே வேற. அங்க நடை கிடையாது, ஓட்டம்தான். அவ்வளவு பெரிய குடையைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, பின்னாடியே ஜனம் "கோவிந்தா"ன்னு ஓடும். ஏன் ஓடணும்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்வாங்க. எங்க ஆயா சொன்னதும் பக்கத்து வீட்டு ஆயா சொன்னதும் ஒத்துப் போகாது, அதுக்கு ரெண்டு பேரும் சண்டையே போட்டிருக்காங்க. அன்னைக்கு சாயங்காலம் எங்க ஏரியாவுல யாரைப் பார்த்தாலும் "குடை கவுனி தாண்டிடுச்சா?"ன்னுதான் கேப்பாங்க. அதுக்கப்புறம் சூளை, அயனாவரம், வில்லிவாக்கம்னு போய்க்கிட்டே இருக்கும். கைக்குழந்தையோட வர்றவங்க கவுனிகிட்ட நிக்காதீங்க, தங்கசாலையிலயே பார்த்துடுங்க.

முன்னாள் மேன்ஷன்வாசி, திருவல்லிக்கேணி

பேச்சிலர் காலத்தில் எனக்குப் பல நாள் ராத்திரிச் சாப்பாட்டைத் தீர்த்து வைத்தது ரமலான் மாதம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய பள்ளிவாசல், அதாவது வாலாஜா மசூதி. 1795இல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டியது, முழுக்கக் கருங்கல். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் வாசலில் வேன் வந்து நிற்கும். பெரிய பெரிய அண்டாக்கள் இறங்கும். இறக்குகிறவர்கள் தலையில் குல்லா இருக்கும், ஆனால் அவர்கள் முஸ்லிம்கள் இல்லை. சிந்தி இந்துக்கள்.

பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் இங்கே சூஃபிதார் என்ற அமைப்பைத் தொடங்கினார். ராதாகிருஷ்ணன் சாலையில் அவர்கள் கோயில் இருக்கிறது, சுவரெல்லாம் எல்லா மதத்து ஞானிகளின் படங்கள். சமையல் அங்கேதான், சுத்த சைவம். ரமலான் முழுக்க நாள் தவறாமல் நோன்பு திறக்க இங்கே கொண்டுவந்து பரிமாறுகிறார்கள், முப்பது வருடத்துக்கும் மேலாக. பந்தி நீளும்போது ஆயிரம் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். பாங்கு சொல்லும் வரை ஒருவர் கையும் தட்டுக்குப் போகாது. எனக்குப் பரிமாறிய பெரியவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நன்றி சொல்லாதே தம்பி, தட்டை நேராப் பிடி" என்றார்.

இன்னொன்று. மசூதி கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் ஒன்று அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. எழுதியவர் ராஜா மக்கன் லால் கிரத், நவாபிடம் வேலை பார்த்த இந்து. சிந்திக்காரர்கள் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்த வாசலில் இப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கிறது.

வேளச்சேரி அம்மா

பெண்கள் உள்ளே போகலாமா தம்பி?

முன்னாள் மேன்ஷன்வாசி, திருவல்லிக்கேணி

தொழுகை மண்டபத்துக்குள் நான் யாரையும் கூட்டிப் போனதில்லை அம்மா. வாசலில் இருப்பவர்களிடம் கேளுங்கள், மரியாதையாகவே வழி சொல்வார்கள்.

பாரிமுனை குமாஸ்தா

அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் தேவாலயம், 1772. வாரநாளில் போனால் அமைதியான முற்றம், நிறைய கல்லறைகள், அவ்வளவுதான். ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போனால் ஆறு மணிகளும் அடிக்கும். கேட்க ஆர்மீனியர்தான் யாருமில்லை. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தராரை' 1794இல் இந்த மெட்ராஸில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. பத்திரிகைக்காரர் யாராவது வந்தால் இதைக் காட்டாமல் விடமாட்டேன்.

சாயங்காலம் என்றால் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பின்னால் அத்தோ, அதாவது பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள், அதைக் கேட்டு இன்னொரு கிண்ணம் வாங்குங்கள்.

அடையாறு மாணவி

ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை நடை. 1988லிருந்து மாணவர்கள் நடத்துகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடை. பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிட்ட இடத்தைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்து, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். டார்ச், ஃபிளாஷ் அடித்தால் திட்டு விழும். விழ வேண்டியதுதான். ஆமை வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள். நான் போன அன்று வரவில்லை. குஞ்சு விடுகிற சாயங்காலம் எளிது, கிட்டத்தட்ட நாற்பத்தைந்து நாளில் பொரிக்கும், குழந்தைகளையும் கூட்டிப் போகலாம்.

சூளைக்காரன்

ராத்திரி முழுக்க நடந்து ஆமையும் வரலையா? குடையே தேவலை தங்கச்சி, கண்டிப்பா வரும்.

மந்தைவெளி வாசகி

சண்டை வேண்டாம். அந்தப் பதிகத்தில் வரும் மாசிக் கடலாட்டு இன்னும் நின்றுபோகவில்லை, மாசி மகத்தன்று சாமிகள் மெரினாவுக்கு வருகிறார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி வருவது விடியற்காலையில். வேளச்சேரி அம்மா, நீங்களும் வாருங்கள். மாற்றுத் துணி, ஒரு துண்டு, செருப்பைப் போட்டுவைக்க ஒரு பை. செருப்பை மணலில் விட்டால் திரும்பக் கிடைக்காது.