8 ஜிபி ராம் போட்டும் 3.9 ஜிபி மட்டுமே பயன்பாட்டுக்கு வருகிறது

கேள்வி: காவேரிப்பட்டினம் டிடிபி

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் உள்ள கணினி ஐ3 2120 பிராசஸரும் இரண்டு ராம் ஸ்லாட்டுகள் கொண்ட எச்61 மதர்போர்டும் உடையது. விண்டோஸ் 10, 64 பிட். ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை குவிந்திருக்கும் நேரத்தில் ஃபோட்டோஷாப்பில் இரண்டு கோப்புகளைத் திறந்தாலே கணினி திணறியதால், ஏற்கெனவே இருந்த 4 ஜிபி டிடிஆர்3 ராமுடன் அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் பொருத்தினேன். சிஸ்டம் விவரத்தில் 8 ஜிபி நிறுவப்பட்டிருப்பதாகவும், அதில் 3.9 ஜிபி மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்றும் வருகிறது. மீதி எங்கே போகிறது?

பதில்: பாலக்கோடு வாசகர்

32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. 64 பிட்டை நிறுவிப் பாருங்கள்.

பதில்: ஓசூர் வன்பொருள்

பாலக்கோடு நண்பர் சொல்வது உண்மைதான் என்றாலும் இங்கே பொருந்தாது. கேள்வியிலேயே 64 பிட் என்று இருக்கிறது. தவிர, 32 பிட்டில் முழு 4 ஜிபியும்கூடக் கிடைக்காது. கிராஃபிக்ஸ் முதலிய சாதனங்களுக்கும் அதே 4 ஜிபி முகவரி எல்லைக்குள் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் மூன்றேகால், மூன்றரை ஜிபியில் நின்றுவிடும்.

ஐயா, முதலில் கணக்கு எந்த இடத்தில் குறைகிறது என்று பாருங்கள். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் திரையிலேயே மொத்த நினைவகம் 4096 எம்பி, அதாவது 4 ஜிபி, என்று இருந்தால், விண்டோஸை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் பயன் இல்லை. பயாஸில் 8192 இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் 'மாக்ஸிமம் மெமரி' டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டு என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

காவேரிப்பட்டினம் டிடிபி

பயாஸிலும் மொத்தம் 4096தான் காட்டுகிறது, ஆனால் இரண்டு ஸ்லாட்டிலும் ராம் இருப்பதாகவே குறிப்பிடுகிறது. எந்த ராமைப் போட்டாலும் முதல் ஸ்லாட்டில் வேலை செய்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டால் எந்த ராமுக்கும் டிஸ்பிளே வருவதில்லை. கடை முன்னால் கிரானைட் லாரிகள் ஓயாமல் போவதால் உள்ளே தூசி அதிகம். ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ராமின் கால்களை ரப்பரால் தேய்த்தும் பார்த்தாயிற்று.

பதில்: ஓசூர் வன்பொருள்

அப்படியானால் இரண்டு ராமும் நல்லவை; கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு ராமிலும் தன் அளவையும் வேகத்தையும் எழுதி வைத்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு சிப் உண்டு. பயாஸ் அதைத் தனியான, மெதுவான ஒரு கம்பி வழியாகப் படிக்கிறது. தரவு போய்வரும் பாதையோ முற்றிலும் வேறு. அது பிராசஸரிலிருந்து நேரே ஸ்லாட்டுக்கு வருகிறது. ஆகவே தரவுப் பாதை அறுந்திருந்தாலும் ராம் 'இருக்கிறது' என்ற தகவல் மட்டும் கிடைத்துவிடும். நீங்கள் காணும் 8-க்கும் 3.9-க்கும் உள்ள முரண்பாடு இதனால்தான் என்று நினைக்கிறேன். எச்61-இல் ஒரு சேனலுக்கு, அதாவது பிராசஸரிலிருந்து வரும் ஒரு தரவுப் பாதைக்கு, ஒரு ஸ்லாட் என்பதால், இரண்டாவது ஸ்லாட் செத்திருப்பது ஒரு சேனல் முழுவதும் செத்திருப்பதற்குச் சமம். அண்மையில் யாராவது பிராசஸரைக் கழற்றினார்களா? பிராசஸர் அமரும் இந்த வகை சாக்கெட்டில் பின்கள் பிராசஸரில் இல்லை, மதர்போர்டில்தான் 1155 பின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் இப்படி ஆகலாம். பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தாலும் ஆகலாம்.

காவேரிப்பட்டினம் டிடிபி

ஆடி மாதம் சர்வீஸ் செய்ய வந்தவர் பிராசஸரை எடுத்துத் துடைத்து, சூட்டைக் கடத்தும் புதிய பேஸ்ட் வைத்துப் போட்டார். நீங்கள் கேட்ட பிறகு கிருஷ்ணகிரியில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்ததில், சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு பின் பக்கத்துப் பின்மேல் சாய்ந்து கிடந்தது. அருகில் பேஸ்ட்டும் ஒட்டியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, மெல்லிய ஊசியால் நிமிர்த்தி வைத்தார். இப்போது பயாஸில் 8192, விண்டோஸில் 7.9 ஜிபி. மிக்க நன்றி ஐயா. மீதி 0.1-ஐயும் மீட்க முடியுமா?

பதில்: ஓசூர் வன்பொருள்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால், பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அதைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. பயாஸில் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்க வழி இருக்கலாம். கிடைப்பது சில மெகாபைட்தான் என்பதால் அப்படியே விட்டுவிடுங்கள். பிராசஸரை மட்டும் இனித் தேவையில்லாமல் கழற்ற விடாதீர்கள். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் இன்னொரு முறை வளைந்தால் ஒடிந்துவிடலாம்.