அத்தானை எடிசன் முன்னாள் படைவீரர் இல்லத்தில் சேர்க்க வேண்டும்: தாள்கள் பற்றி ஒரு கேள்வி

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

என் அக்கா நியூஜெர்சி எடிசனில் இருக்கிறாள். அத்தானுக்கு வயது 81. 1967இல் மேற்படிப்புக்குப் போனவர். கிரீன் கார்டு கிடைத்த கையோடு அமெரிக்கப் படையில் கட்டாயச் சேவைக்கு அழைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் ரேடியோ பழுதுபார்க்கும் வேலை பார்த்துவிட்டு 1971இல் வெளியே வந்தார்.

இப்போது ஞாபகமறதி முற்றிவிட்டது. தினமும் மாலையில் "மேட்டூர் திறந்தாயிற்றா?" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்கிறார். ஜூன் 12 இன்னும் வரவில்லை அத்தான் என்பேன். போன ஜனவரியில் மடை திறக்கப் போவதாகச் சொல்லி விடியற்காலையில் வெறுங்காலோடு பனியில் இறங்கிவிட்டார். அக்காவுக்கு 76 வயது, இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனவள். அவளால் இனி முடியாது.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மென்லோ பார்க் முன்னாள் படைவீரர் இல்லம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் படைவிலகல் சான்றான டிடி-214 வேண்டுமாம். அங்கே காணவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் அத்தானின் தகரப்பெட்டி இருந்தது. இரண்டு நாள் குடைந்தேன். சீருடைப் படம் ஒன்றும் நிலப் பத்திரமும்தான் கிடைத்தன. இனி என்ன வழி?

இன்னொன்று. திருவிடைமருதூர்ப் பக்கம் ஆறு மா நஞ்சை அத்தான் பெயரில் இருக்கிறது. அதைக் காட்டினால் இடம் கிடைக்காது, உடனே உன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எடிசன்வாசி:

ஐயா, நான் இங்கே முதியோர் பராமரிப்புத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். நிலத்தை இப்போது தொடாதீர்கள். சொத்து விவரம் கேட்பார்கள். ஆறு மாவையும் எழுதிவிடுங்கள். பின்னால் மெடிக்கெய்ட் (வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) கேட்க நேர்ந்தால், முந்தைய 5 ஆண்டுகளில் இனாமாக எழுதிக்கொடுத்ததையெல்லாம் தோண்டுவார்கள். உதவிசெய்ய வந்த உங்கள் பெயரும் அதில் மாட்டிக்கொள்ளும்.

டிடி-214 தொலைந்தால் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் வாங்கலாம். அதற்குப் படிவம் 180. அங்கே 1973இல் நடந்த தீவிபத்தில் தரைப்படை ஆவணங்கள் ஏராளமாக எரிந்தன. ஆனால் அவை 1960க்கு முன் விலகியவர்களுடையவை. அத்தானுடையது 1971, அதனால் கவலை வேண்டாம்.

இந்த இல்லம் மாநில அரசுடையது. கூட்டரசின் படைவீரர் துறை தலைக்கு இவ்வளவு என்று நாள்படி மட்டும் தருகிறது. ஆகவே விண்ணப்பம் இல்லத்துக்கே போக வேண்டும். மருத்துவப் பகுதிக்கு 10-10எஸ்ஹெச் என்ற படிவம் உண்டு. பனியில் இறங்கியதை மருத்துவரிடம் தேதியோடு சொல்லி எழுதச் சொல்லுங்கள். நம்மவர்கள் கூச்சப்பட்டு "கொஞ்சம் மறதி" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். சேவையால் வந்த ஊனம் 70 விழுக்காடோ அதற்கு மேலோ என்று முடிவானவர்களுக்குப் பராமரிப்புச் செலவு முழுவதையும் கூட்டரசு ஏற்கிறது. மற்றவர்கள் ஒரு பங்கு கட்ட வேண்டும்.

முன்னாள் சுபேதார், ஒரத்தநாடு:

கையெழுத்து யார் போடுவது என்று யோசித்தீர்களா? உயிரோடு இருக்கும் படைவீரரின் ஆவணத்தை அவர் ஒப்பம் இல்லாமல் தரமாட்டார்கள். அக்கா பெயரில் அதிகாரப் பத்திரம் உண்டா? அறிவு தெளிந்திருந்த காலத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டிவரும்.

இந்தியப் படையிலிருந்து ஓய்வுபெற்ற எங்களுக்கு 2003இல் இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் வந்தது, மருந்து, அறுவைச் சிகிச்சையெல்லாம் கிடைக்கிறது. ஆனால் மறதி வந்த கிழவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. என் தோழர் ஒருவரை அவர் மருமகள் ஒன்பது ஆண்டு தனியாகப் பார்த்து நடுமுதுகு ஒடிந்துபோனாள். உங்கள் அக்காவுக்குக் கிடைக்கிற இடத்தை விடாதீர்கள்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

இருவருக்கும் நன்றி. அக்காவைக் கேட்டேன். 2016இலேயே இருவரும் ஒருவருக்கொருவர் அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்களாம். "அவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன் என்று ஊரில் சொல்வார்களேடா" என்று அழுதாள். சொல்கிறவர்கள் ஒரு ராத்திரி வந்து அத்தானோடு விழித்திருக்கட்டும் என்றேன். படிவம் 180ஐ நாளை அனுப்புகிறாள். சீருடைப் படத்தை நான் கூரியரில் அனுப்புகிறேன். அவருடைய அறையில் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டுமாம்.