கடல்நீர்த் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

வேளச்சேரி நீலம்:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே நாளாயிற்று, கரண்ட் அதற்கும் பிறகுதான் வந்தது. பேட்டரி ஏர் பம்பை வைத்து எல்லா மீனையும் எப்படியோ தாக்குப்பிடிக்க வைத்தோம். கரண்ட் வந்த அடுத்த வாரம் புளூ டாங் பாறையில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. சாயங்காலம் பார்த்தால் உடம்பெல்லாம் உப்பு தூவினாற்போல் புள்ளி. இக்தான், அதாவது வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மனசை விட்டுப் போகாதது அடுத்த நாள் காலைதான். லைட் போடுவதற்கு முன் டார்ச் அடித்தேன். ஒரு புள்ளி இல்லை! நீலம் பளிச்சென்று இருக்கிறது, வால் மஞ்சள் மின்னுகிறது. "நேத்து ராத்திரி திருஷ்டி சுத்திப் போட்டேன்ல" என்றார் அம்மா. அந்தப் புள்ளிகள் இருட்டில்தான் மீனை விட்டுக் கழன்று மணலிலும் பாறையிலும் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே கூடு கட்டி அதற்குள் நூற்றுக்கணக்கில் பெருகும் என்று எனக்குத் தெரியும். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், வாயே வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் புள்ளி திரும்ப வந்தது, இந்தத் தடவை செதிலே தெரியாத அளவுக்கு. டாங் போய்விட்டது. கிளவுன் மீன் ஜோடி மட்டும் இன்றைக்கும் இருக்கிறது.

உப்புத்தொட்டி:
சார், புயல் மேல் பழி போடாதீர்கள். கரண்ட் போனால் மீன் தளரும், உண்மை. ஆனால் ஒட்டுண்ணி மழையோடு வருவதில்லை, ஏற்கெனவே உங்கள் தொட்டியில் இருந்தது. புது மீனோடு வந்திருக்கும், இல்லையென்றால் பவழத் துண்டு ஒட்டியிருந்த கல்லோடு. என் தொட்டியிலும் ஒருமுறை வந்தது, எல்லாவற்றையும் பிடித்து வெளியே எடுத்தேன், பிழைத்தன.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பவழம் இருக்கும் தொட்டியில் காப்பர் மருந்து ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவழம் எல்லாம் போய்விடும். பாறை வேறு காப்பரை உறிஞ்சிக்கொள்ளும், அளவு நிற்காது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மணல் வேண்டாம், கல் வேண்டாம், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் போதும். சீலேட் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த வகை) என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், 30 நாள். அந்த வகைக் காப்பருக்கு உரிய டெஸ்ட் கிட் கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். மருந்து வேண்டாம் என்றால் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது: 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாகக் காயவைத்த வேறு தொட்டிக்கு, மொத்தம் 4 தடவை. கூடு உடைவதற்குள் மீன் இடம் மாறிவிடும். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் காலியாக விடுங்கள். பூண்டுச் சாறு, மீனைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால், இதெல்லாம் கடைக்காரர் மன ஆறுதலுக்குச் சொல்வது.

பெரம்பூர் கிளவுன்:
உப்புத்தொட்டி அண்ணா, 76 நாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நான் இருப்பது வாடகைக்கு, ஒரு பெட்ரூம். இரண்டாவது தொட்டியை வைப்பதென்றால் பாத்ரூம்தான்.

என் கதை இக் இல்லை. புதிதாக வாங்கிய மீன், தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பின் வாய்க்கு நேராகப் போய், நீர் அடிக்கிற இடத்திலேயே எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. "ஓட்டத்துல விளையாடுது பாருப்பா" என்றான் பையன். செவுள் அவ்வளவு வேகமாக அடித்துக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கவாட்டில் லைட் அடித்தால் புள்ளி இல்லை, மங்கலான தூசுப் படலம். வெல்வெட், அது வேறொரு ஒட்டுண்ணி. விடிவதற்குள் முடிந்துவிட்டது. புள்ளி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களே, வெல்வெட் அதுவரை நேரம் கொடுக்காது. முதலில் செவுளைப் பாருங்கள். இதற்குத் தொட்டி மாற்றும் முறையும் உதவாது, அண்ணா அதைச் சொல்லவில்லை.

ரீஃப் அக்கா:
இங்கே எல்லோரும் சாவு வீட்டுக் கதையாகவே சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். எம்பரர் ஏஞ்சல் மீனுக்குக் கண் வெளுத்து, சாப்பாட்டைத் தொடாமல் தலையை உதறிக்கொண்டே இருந்தது. புள்ளியே கிடையாது. ஆர்ஓ தண்ணீரைக் கறுப்பு டப்பாவில் எடுத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, பேக்கிங் சோடாவால் பிஎச் சரிசெய்து, ஏர் ஸ்டோனை ஓடவிட்டு, மீனை 5 நிமிஷம் விட்டேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் மீனின் உடம்பில் அதுவரை இல்லாத வெள்ளை வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்து, கழன்று டப்பாவின் அடியில் விழுந்தன. ஃப்ளூக், மீன் மேல் ஒட்டும் தட்டைப்புழு. கடல்நீரில் கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்ணில் படாது, நல்ல தண்ணீர் பட்டதும் வெளுத்துவிடும். குமட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அன்று ராத்திரியே ஏஞ்சல் சாப்பிட்டது. முட்டை தொட்டியில் இருக்கும் என்பதால் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்தைத் தனியாகப் போட்டேன், ஒரு வாரம் விட்டு மறுபடியும்.

உப்புத்தொட்டி:
நல்ல தண்ணீர்க் குளியலை நம்பி இக் குணமாகும் என்று யாராவது இறங்கிவிடப் போகிறார்கள். இக் தோலுக்கு அடியில் இருப்பது, குளியலில் போகாது.

ரீஃப் அக்கா:
இக் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? திரும்பப் படியுங்கள்.

ஓஎம்ஆர் தொட்டி:
சண்டைக்கு நடுவில் வருகிறேன். 2020-ல் கொரோனா உச்சத்தில் என் தொட்டியில் வெல்வெட். அதற்கும் கொடுக்கும் மலேரியா மருந்தான குளோரோகுயின் வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டு அடி தள்ளிப் போனார். "யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர். மீனுக்கு என்றேன். மாஸ்க்குக்கு மேலே அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "மீனுக்கு டாக்டர் சீட்டு கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கடைசியில் நண்பர் ஒருவர் வீட்டில் மீந்திருந்த காப்பர் பாட்டிலை அடையாறு வரை போய் வாங்கி வந்தேன், வழியில் போலீஸ் நிறுத்தி அதையும் முகர்ந்து பார்த்தார்கள். நீலம் சார், கிளவுன் ஜோடி பிழைத்தது என்றீர்களே, அந்தத் தொட்டியில் அதற்கப்புறம் புது மீன் எதுவும் விட்டீர்களா?