ஹீட்டரில் காற்று வருகிறது, சூடு வரவில்லை: தெர்மோஸ்டாட் மாற்றலாமா?

கேள்வி:
காரில் ஹீட்டரைப் போட்டால் காற்று பலமாக வருகிறது, ஆனால் சில்லென்று இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சற்று வெதுவெதுப்பாகும். காலை எடுத்ததும் போய்விடும். வெப்பநிலை முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது. முன்கண்ணாடி உட்புறம் அடிக்கடி மங்குகிறது, துடைத்தால் துணியில் பிசுபிசுக்கிறது. தெர்மோஸ்டாட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். விடியற்காலையில் குழந்தைகளோடு கிளம்ப வேண்டும் என்பதால் கவலையாக இருக்கிறது.

பதில்:
அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள். எஞ்சின் சூடேறும் வரை குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், ஓடும்போது முள்ளும் இறங்கிவிடும். உங்கள் வண்டியில் அப்படி இல்லையே! மிதித்தால் சூடு, விட்டால் குளிர் என்றால் கூலன்ட் (அந்தக் குளிர்விக்கும் நீர்) குறைந்திருக்கும், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினிலிருந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் வெந்நீர் வந்து திரும்புகிறது. சூட்டையும் குளிரையும் கலக்கும் உள்கதவில்தான் கோளாறு. ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஹீட்டர் கோர் (வெந்நீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறிய ரேடியேட்டர்) அடைத்திருக்கும், அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே சுடாவிட்டால் வெந்நீர் அங்கே போய்ச் சேரவே இல்லை.

கேட்டவர்:
டேங்கில் கூலன்ட் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. இரண்டு ஹோஸ்களும் இலேசான வெதுவெதுப்புதான். நிரப்பிவிட்டால் போதுமா?

இன்னொருவர் பதில்:
நிரப்பினால் சூடு வரும், ஆனால் அது நிலைக்காது. கண்ணாடியில் பிசுபிசுப்பு என்றீர்களே, அதுதான் முக்கியம். வெறும் ஈரப்பதம் என்றால் துணியில் ஒட்டாது. ஹீட்டர் கோர் கசிந்தால் கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். முன் இருக்கையின் கால்விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். இனிப்பான வாடை வருகிறதா?

கேட்டவர்:
விரிப்பின் மேல்புறம் காய்ந்திருக்கிறது. அடிப்பஞ்சை அழுத்தினால் பச்சை நீர் கசிகிறது. வாடையும் இருக்கிறது.

இன்னொருவர் பதில்:
அப்படியானால் ஹீட்டர் கோர்தான். ஓட்டையை அடைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், கோரின் மெல்லிய குழாய்கள் அடைபட்டுவிடலாம். கோர் மாற்றும் வரை இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துத் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஹீட்டர் இருக்காது, கசிவு நிற்கும். பிறகு கூலன்டை நிரப்பிக் காற்றையும் வெளியேற்றச் சொல்லுங்கள். கண்ணாடி மங்கினால் ஏசியைப் போடுங்கள், உள்ளிருக்கும் ஈரத்தை அது இழுத்துவிடும். கூலன்ட் நச்சு, அந்த விரிப்பை இன்றே வெளியே எடுத்துக் கழுவிக் காயவையுங்கள், குழந்தைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.