ஆறு முட்டை, ஐந்து குஞ்சு

ஸ்காபரோ, ஒன்ராறியோ

வணக்கம். இளவேனிலில் சதுப்பிலும் குளக்கரையிலும் தாராக்களும் வாத்துகளும் கூடு கட்டி அடை கிடப்பதைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்தில் ஒரு சதுப்பு இருக்கிறது. இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. போன வருடம் மார்ச் கடைசியில், கரையோரத்துப் பனிக்கட்டி கரைந்து முடியுமுன்பே, ஒரு கனடா வாத்துச் சோடி அங்கே வந்து இறங்கியது. மஸ்க்ராட் என்கிற நீர்வாழ் எலி சம்புத் தண்டுகளைக் குவித்துத் தனக்கு வீடு கட்டும். அந்த வீட்டுக் கூரையைத்தான் இந்தச் சோடி பிடித்துக்கொண்டது. சுற்றிவரத் தண்ணீர், நரி லேசில் வராது. மேட்டில் இருந்தபடியே நாலு பக்கமும் தெரியும்.

ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒரு முட்டை. பெண் எழும்பும் நேரம் பார்த்துத் தொலைநோக்கியால் எண்ணினேன், ஆறு. கடைசி முட்டை இட்ட பிறகுதான் அடைக்கு உட்கார்ந்தது. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தும் எல்லாம் ஒன்றாகப் பொரிப்பது இதனால்தான். அப்புறம் நாலு கிழமை, அதே இடம், அதே இருப்பு. ஏப்ரல் நடுவில் ஒரு காலை மறுபடி பனி கொட்டியது. போய்ப் பார்த்தால் முதுகில் இரண்டு விரல் உயரத்துக்குப் பனி. கழுத்தை இறகுக்குள் செருகியபடி அப்படியே கிடந்தது. நான் காரின் ஹீட்டரைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன்.

ஆண் அடை கிடக்காது. ஆனால் கூப்பிடு தூரத்தைத் தாண்டியும் போகாது. கழுத்தைத் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு வந்தால், யாரோ எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒருநாள் அந்த எல்லையைத் தாண்டியது நான். நல்ல வெளிச்சம், ஒரு படம் எடுக்கலாம் என்று பாதையை விட்டுச் சம்புக்குள் பத்தடி இறங்கினேன். ஆண் சீறிக்கொண்டு பாய்ந்தது. பெண்ணும் எழும்பித் தண்ணீரில் குதித்தது. வழமையாகக் கூட்டை விட்டுப் போகுமுன் தன் நெஞ்சில் பிடுங்கிய தூவியை இழுத்து முட்டைகளை மூடும். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. நான் திரும்பிப் பாதைக்கு ஏறுவதற்குள் ஒரு காகம் மேட்டில் இருந்தது. கடைசியில் பொரித்தது ஐந்து குஞ்சுதான். ஆறாவது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் மனது கேட்கவில்லை.

மே முதல் வாரம் ஒரு மாலையில் தாயின் செட்டைக்குள்ளிருந்து மஞ்சள் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்த காலை எல்லோரும் தண்ணீரில். தாய் முன்னால், குஞ்சுகள் ஒரே வரிசையில், தகப்பன் பின்னால். குஞ்சுக்கு யாரும் ஊட்டுவதில்லை, பிறந்த மறுநாளே தானாகப் புல் கொத்துகிறது. பாண் எறிகிறவர்களைக் கண்டால் தயவுசெய்து சொல்லுங்கள், அது அவற்றின் சாப்பாடு இல்லை.

*

வினிபெக், மனிட்டோபா

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் கதையே வேறு. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுப் போன சின்னச் சின்னப் பள்ளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கின்றன. இளவேனிலில் பனி உருகித் தண்ணீர் நிற்கும். இந்தப் புல்வெளிக் குட்டைகளை நம்பித்தான் வட அமெரிக்கத் தாராக்களில் பெரும் பங்கு இனம் பெருக்குகிறது. தண்ணீர் குறைந்த வருடம் தாராவும் குறைந்த வருடம்.

மல்லார்ட் என்கிற தாரா கூடு வைப்பது தரையில், புல் நடுவில். சில சமயம் தண்ணீரிலிருந்து வெகுதூரம் தள்ளி. பெண் அடை உட்கார்ந்ததும் ஆண் கிளம்பிவிடும், காவலுக்கு ஆளில்லை. ஸ்கங்க், நரி, ரக்கூன் மூன்றுக்கும் விருந்து. அதனால் இங்கே கம்பிவலையை உருட்டி, இரண்டு சுற்றுக்கு நடுவே வைக்கோல் அடைத்து, பீப்பாய் மாதிரி ஒரு குழல் செய்து, தண்ணீர் நடுவே கம்பத்தில் படுக்கவைத்துக் கட்டுகிறோம். வேலை எல்லாம் குளிர்காலத்தில்தான். குட்டை உறைந்திருக்கும்போது மேலே நடந்துபோய் நட்டுவிட்டு வந்துவிடலாம்.

மே மாதம் அந்தக் குழலுக்கு நேரே நின்றால், வைக்கோல் இருட்டுக்குள் அலகின் நுனி மட்டும் தெரியும். உடம்பு முழுக்க வைக்கோல் நிறம். கிட்டே போகமாட்டேன். குஞ்சுகள் போன பிறகு, கோடைக் கடைசியில்தான் கையை விட்டுப் பார்ப்பேன். ஓட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தோல் காகிதம்போலத் தனியே கழன்று கிடந்தால் பொரித்திருக்கிறது. நசுங்கிய ஓட்டில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தால் இல்லை. போன வருடம் ஒரு குழலில் ஒன்பது தோல் எண்ணினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

*

கிங்ஸ்டன், ஒன்ராறியோ

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு. மரத்தில் பெட்டி மாட்டியிருக்கிறோம், வுட் டக் வருகிறது. மரப்பொந்தில் முட்டையிடும் தாரா இது. பொரித்த மறுநாள் தாய் கீழே தண்ணீரில் நின்று மெல்லக் கூப்பிடும், குஞ்சுகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு ஏறிக் குதிக்கும். பஞ்சுபோல விழும், அடிபடாது. உள்பலகை வழவழப்பாக இருந்தால் மட்டும் அவற்றால் ஏற முடியாது. முதல் வருடம் அது தெரியாமல் இழைத்த பலகையில் செய்துவிட்டோம். நல்லவேளை, அந்த வருடம் எதுவும் வரவில்லை. இப்போது உள்ளே உளியால் கோடு கோடாகக் கீறிவைத்திருக்கிறோம்.

போன ஜூனில் பதினொன்று குதித்தன. பன்னிரண்டாவது வாசலில் நின்று எட்டிப் பார்த்து உள்ளே போய்விட்டது. தாய் கிளம்பவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவும் நானும் சமையலறை ஜன்னலில் மூச்சு விடாமல் நின்றோம். ஆறேழு நிமிடம் கழித்துத் தொப்பென்று ஒரு சத்தம். அம்மா கை தட்டிவிட்டார்.

அண்ணா, உங்கள் சோடி இந்த வருடம் வந்ததா?

*

ஸ்காபரோ, ஒன்ராறியோ

வந்தது தங்கச்சி. கனடா வாத்துச் சோடி பெரும்பாலும் பிரியாது, கூடு வைத்த இடத்துக்கே திரும்பி வருவதும் வழமை. அதே மேட்டுக்கு மார்ச் 27ஆம் திகதி ஒரு சோடி வந்தது, எனக்கென்னவோ அதே சோடி என்றுதான் படுகிறது. இப்போது அடை கிடக்கிறது. இந்த முறை பாதையிலேயே நிற்கிறேன், தொலைநோக்கியும் கொண்டுபோவதில்லை. எத்தனை முட்டை என்று தெரியாது.